பழைய இரும்பு என்று தூக்காதீர்கள்: எங்கள் காணிகளில் கிடக்கும் யுத்தப் பொருட்களை அடையாளம் காண்பது

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. அந்த யுத்தத்தில் சுடப்பட்டு, எறியப்பட்டு, புதைக்கப்பட்டு, ஆனால் வெடிக்காமல் போனவை இன்னமும் எங்கள் மண்ணுக்குள் இருக்கின்றன. மாரி மழை மண்ணை அரித்த பிறகு வரம்போரத்தில் தெரியும் துருப்பிடித்த குழாய், கிணறு வெட்டும்போது அலவாங்கில் முட்டும் இரும்பு, பற்றையை எரித்த சாம்பலில் மின்னும் பித்தளைக் கோது. இவற்றை முதலில் காண்பவர் நிபுணர் அல்ல. தோட்டக்காரர், விறகு பொறுக்கப் போன பெண், பழைய இரும்பு சேர்ப்பவர், பந்தைத் தேடிப் பற்றைக்குள் போன சிறுவன், இவர்களில் ஒருவர்தான்.

நான் சில ஆண்டுகள் முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி அகற்றும் பணியில் இருந்தேன். அதன் பிறகு கிராமங்களிலும் பாடசாலைகளிலும் வெடிபொருள் அபாயம் பற்றி விளக்கும் வேலை. கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, “தம்பி, இது வெடிக்குமா, வெடிக்காதா?” என்று கேட்பார். படத்தைப் பார்த்தால் அது என்ன பொருள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அது வெடிக்குமா என்பதைப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. நேரில் பார்த்தாலும் வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே கீழே எழுதியிருப்பவை எல்லாம் ஒரு பொருளை இனங்கண்டு விலகிப் போவதற்கு மட்டுமே. புரட்டிப் பார்ப்பதற்கும் தட்டிப் பார்ப்பதற்கும் அல்ல.

துரு ஏறினால் செத்துவிட்டதா?

எங்கள் சனத்திடம் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இது. “இவ்வளவு காலம் மழையிலும் வெயிலிலும் கிடந்தது, இனி என்ன வெடிக்கப்போகுது” என்பார்கள். துருப்பிடிப்பது வெளியே உள்ள இரும்பு. உள்ளே அடைத்திருக்கும் ரி.என்.ரி போன்ற வெடிமருந்துகள் இரும்பைப் போல உக்குவதில்லை. காற்றும் நீரும் புகாமல் இருந்தால் பல பத்தாண்டுகளுக்கு அவற்றின் வலு குறைவதில்லை. மாறாக, காலம் போகப்போகக் கெட்டுப் போவது பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் பாகங்கள்தான். ஊசி துருத்து அறும், சுருள்வில் இளகும், தடுப்புத் தகடு உக்கும். பழையது என்பதற்கு எங்கள் தொழிலில் உள்ள அர்த்தம், எப்போது என்ன செய்யும் என்று கணிக்க முடியாதது என்பதுதான்.

இதற்கு வெளிநாட்டில் இருந்தே உதாரணம் காட்டலாம். பெல்ஜியத்திலும் பிரான்சிலும் முதலாம் உலக யுத்தத்தின் எறிகணைகள் ஒவ்வோர் ஆண்டும் உழவின்போது மேலே வருகின்றன. விவசாயிகள் அதை இரும்பு அறுவடை என்றே சொல்வார்கள். 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் கட்டட வேலை நடந்த இடத்தில் அப்படியான ஓர் எறிகணை வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். யுத்தம் தொடங்கி நூறு வருடம் ஆகியிருந்தது. ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் 2010 ஜூன் 1 ஆம் திகதி இரண்டாம் உலக யுத்தக் காலத்துக் குண்டு ஒன்றைச் செயலிழக்கச் செய்வதற்கான ஆயத்தங்கள் நடந்துகொண்டிருந்தபோதே அது வெடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். மூவருமே வெடிகுண்டு அகற்றும் துறையில் அனுபவம் உள்ளவர்கள். எங்கள் யுத்தம் இவற்றுக்கு முன்னால் நேற்று நடந்தது போல.

செம்புக்கு ஆசைப்பட்டால்

பழைய இரும்பு வியாபாரத்தை நான் குறை சொல்ல வரவில்லை. மீள்குடியேறி வந்தபோது வீடு இல்லை, மாடு இல்லை, காணியில் விதைக்க வழியில்லை. நிலத்தில் சும்மா கிடந்தது இரும்பு ஒன்றுதான். அதைப் பொறுக்கி நிறுத்து விற்றுப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட குடும்பங்கள் ஏராளம். ஆனால் இந்த வியாபாரத்தில் இரும்பை விடப் பித்தளைக்கும், பித்தளையை விடச் செம்புக்கும் விலை அதிகம். ஆட்லறி எறிகணையில் அந்தச் செம்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே உடம்பைச் சுற்றி ஒரு வளையமாக இறுக்கப்பட்டிருக்கும். உள்ளே பல கிலோ வெடிமருந்து. அந்த வளையத்தை உளியும் சுத்தியலும் வைத்துக் கழற்றப் பார்த்து உயிர் விட்டவர்கள் இங்கு மட்டுமல்ல, லாவோஸ், வியட்நாம், கம்போடியா எங்கும் இருக்கிறார்கள்.

அந்தச் செம்பு வளையம் இன்னொரு சங்கதியையும் சொல்லும். பீரங்கிக் குழாயின் உட்புறம் சுருளாகக் கீறப்பட்டிருப்பதால், சுடப்பட்ட எறிகணையின் வளையத்தில் சரிவான தடங்கள் பதிந்திருக்கும். அப்படித் தடம் இருந்தால் அது சுடப்பட்டு, பறந்து வந்து, வெடிக்க வேண்டிய இடத்தில் வெடிக்காமல் கிடப்பது. சுடும்போது ஏற்படும் உதைப்பிலும் சுழற்சியிலும் அதன் வெடிப்பொறியின் பூட்டுகள் திறந்திருக்கும். ஒரு சின்ன அசைவே மீதி வேலையைச் செய்யப் போதும். தடம் இல்லாமல் வளையம் வழவழப்பாக இருந்தால் அது சுடப்படாதது. இதைக் கேட்டதும் சிலர் “அப்ப சுடாதது பிரச்சினை இல்லைத்தானே” என்கிறார்கள். பிரச்சினைதான். சுடாததிலும் வெடிமருந்து முழுதாக இருக்கிறது. வெப்பமும் அடியும் அதற்கும் ஒன்றுதான். வளையத்தைப் பார்க்கவென்று மண்ணைக் கிளறுபவருக்கு அந்த அறிவு உதவாது.

மோட்டார் எறிகணை மீன் போன்ற உடம்பும் வாலில் செட்டைகளும் உள்ளது. 60, 81, 120 மில்லிமீற்றர் என்று அளவுகள் வரும். விழுந்த வேகத்தில் உடம்பு மண்ணுக்குள் போய், வால் மட்டும் ஒரு பூப்போல வெளியே தெரிவது வழமை. வெடித்த எறிகணையின் வாலும் தனியே அதே மாதிரித்தான் கிடக்கும். கீழே உடம்பு இருக்கிறதா இல்லையா என்று மேலிருந்து தெரியாது. ஆகவே வாலைப் பிடித்து இழுக்கவே கூடாது.

சின்னவையே பொல்லாதவை

பெரிய எறிகணையைக் கண்டால் ஆட்கள் தாமாகவே ஒதுங்குவார்கள். எனக்குப் பயம் சின்னப் பொருட்களில்தான். 40 மில்லிமீற்றர் எறிகுண்டு என்று ஒன்று இருக்கிறது. துப்பாக்கியோடு பொருத்திய குழாயால் சுடுவது. முட்டையை விடச் சற்றுப் பெரிது. தலைப்பகுதி பொன்னிறமாகவோ வெள்ளியாகவோ மினுங்கும். சுடப்பட்டு வெடிக்காமல் கிடக்கும் இந்தக் குண்டை, கையால் தொடவே கூடாதவற்றில் முதல் வரிசையில் வைத்துத்தான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். சிறுவர்களின் கண்ணுக்கோ அது விளையாட்டுப் பொருள்.

ஆர்.பி.ஜி. உந்துகணையின் தலை வாழைப்பொத்தி வடிவில் இருக்கும். அதன் மூக்கில் ஒரு பளிங்குத் துண்டு உண்டு. நசுங்கினால் அதிலிருந்து மின்சாரம் பிறக்கும். காஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் நடப்பதும் இதேதான். பற்றரி எதுவும் அதற்குத் தேவையில்லை, எனவே ‘பற்றரி இறந்திருக்கும்’ என்ற கணக்கும் செல்லாது. கைக்குண்டில் ஊசியும் நெம்புபிடியும் மட்டுமே காவல். ஈர மண்ணில் கிடந்த மெல்லிய ஊசி எந்த நிலையில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

புகைக்குண்டுகள் சிலவற்றில் வெண்பொசுபரசு இருக்கும். காற்றுப் பட்டால் கிட்டத்தட்ட 30 பாகை வெப்பத்திலேயே அது தானாகப் பற்றிக்கொள்ளும். எங்கள் பங்குனி, சித்திரை வெயில் அதற்கும் மேலே போகும். மண்ணுக்குள் மூடியிருக்கும் வரை அது சும்மா இருக்கும். கோது வெடித்த ஒன்றை மண்வெட்டி கிளறினால் வெள்ளைப் புகை கிளம்பும். அப்படிப் புகை கண்டால் தண்ணீர் ஊற்றப் போக வேண்டாம், காற்று வரும் பக்கமாக விலகிப் போங்கள்.

குழாய் என்றால் வெறும் குழாய் அல்ல

குழாய் வடிவப் பொருட்களைத் தனியே எழுத வேண்டும், ஏனென்றால் இவற்றைத்தான் ஆட்கள் துணிந்து தூக்குகிறார்கள். துப்பாக்கிக் குழல், மோட்டார் குழல், ஆர்.பி.ஜி. செலுத்தி, துப்பாக்கி வாயில் பூட்டும் சைலன்சர் ஆகியவை தம்மளவில் வெடிப்பவை அல்ல. சைலன்சர் என்பது ஒரு சாண் அளவான உருளை. ஒரு முனையில் பூட்டுவதற்கான புரி, இரண்டு பக்கமும் நடுவில் துளை, உள்ளே தகடுகள். இது வரை சரி. ஆனால் அதே பருமன், அதே நிறம், அதே துருவோடு வேறு குழாய்களும் இதே மண்ணில் கிடக்கின்றன. முட்கம்பி வேலியைத் தகர்ப்பதற்காக வெடிமருந்து நிறைத்து நீட்டிய ‘டோபிடோ’ குழாய், எரிந்து முடியாத உந்துமருந்தோடு கிடக்கும் பல்குழல் உந்துகணையின் பின்பாகம், உள்ளூரில் செய்த குண்டுகளின் உடல். இரண்டு முனையும் மண்ணால் அடைத்துக் கிடக்கும்போது எது எது என்று வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. துளைக்குள் கம்பி விட்டுப் பார்ப்பதும், மண் கொட்டட்டும் என்று கல்லில் தட்டுவதும்தான் பலர் செய்கிற ‘பரிசோதனை’. அதைச் செய்யாதீர்கள்.

சுடுகுழலிலும் ரவை ஏறி நிற்கலாம். வெடிக்காத பொருளாகவே இருந்தாலும், துப்பாக்கியையோ அதன் பாகத்தையோ வீட்டில் வைத்திருப்பதால் சட்டச் சிக்கல் வரும். ஒரு கிலோ இரும்பின் காசுக்கு அது பெறுமதியில்லை.

மிதிவெடிகள்

முகமாலை போன்ற முன்னரங்கப் பகுதிகளில் அதிகம் எடுக்கப்பட்டவை பாகிஸ்தான் தயாரிப்பான பி4, சீனத் தயாரிப்பான 72 ரகம் ஆகிய சின்ன வட்ட மிதிவெடிகள். உள்ளங்கைக்குள் அடங்கும், பச்சை நிறம், பிளாஸ்டிக் உடம்பு. உலோகம் மிகக் குறைவு என்பதால் உலோகங்காட்டிக் கருவிக்கே இவை மெல்லத்தான் கேட்கும். விடுதலைப் புலிகள் தயாரித்த ஜொனி மிதிவெடி பலகைப் பெட்டியில் அமைந்தது. பலகை உக்கிவிட்டால் பெட்டியின் வடிவமே மிஞ்சாது, கறையான் தின்ற துண்டு போலக் கிடக்கும். பிளாஸ்டிக் மிதிவெடிகள் பாரம் குறைந்தவை. வெள்ளம் அவற்றை வாய்க்கால் வழியே வேறிடத்துக்குக் கொண்டுபோய் விடும். போன வருடம் நடந்த பாதை என்பதால் இந்த வருடமும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாத இடங்கள் உண்டு. பழைய மண் அணை, பதுங்குகுழி வரிசை, முட்கம்பி, மண்டையோட்டுப் பலகை நின்ற இடம் ஆகியவற்றின் பக்கத்தில் இதை மறக்க வேண்டாம்.

ஒரு மிதிவெடியைத் தேடும் வேலை எவ்வளவு மெதுவானது என்பதைச் சொன்னால்தான், வீட்டு முற்றத்தில் வைத்துச் சோதிப்பது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று விளங்கும். முகக்கவசமும் மார்புக் கவசமும் போட்டு, ஒரு மீற்றர் அகலமான ஒழுங்கையில், நீண்ட பிடி வைத்த வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாக இழுத்து இறக்குவோம். சில இடத்தில் ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பாய் விரிக்கும் அளவு நிலம் முடியும். பொருள் தெரிந்ததும் கை நிற்கும். மேற்பார்வையாளர் வந்து பார்த்து, மேற்கொண்டு என்ன செய்வது என்று அவர் சொல்வார். அதை அழிப்பது அதற்கென்று பயிற்சியும் அதிகாரமும் பெற்றவர்களின் வேலை. அங்கே என்னோடு வேலை செய்தவர்களில் கணிசமானோர் பெண்கள், யுத்தத்தில் கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்துபவர்கள். அவ்வளவு அனுபவம் உள்ள ஓர் அக்கா கூட ‘இது என்ன’ என்று ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

2002 சமாதான காலத்தில் தொடங்கிய இந்தப் பணியை ஹலோ ட்ரஸ்ட், மாக், உள்ளூர் அமைப்புகளான டாஷ், ஷார்ப், இராணுவத்தின் பிரிவு என்று பலர் செய்து வந்திருக்கிறார்கள். மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அதன்படி 2028 ஜூன் 1 ஆம் திகதிக்குள் மிதிவெடிகள் அகற்றப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ‘அகற்றி முடிந்த காணி’ என்பதன் அர்த்தத்தைச் சனம் சரியாக விளங்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஆழம் வரைதான் அங்கே தேடப்பட்டிருக்கும். மிதிவெடிக்கு அந்த ஆழம் போதும். விமானக் குண்டும் ஆட்லறி எறிகணையும் அதைவிட ஆழத்தில் இறங்கியிருக்கலாம். கிணறு, மலசலகூடக் குழி, வீட்டு அத்திவாரம் வெட்டும்போது, பெக்கோ வைத்துக் குளக்கட்டு திருத்தும்போது, ‘கிளியர் பண்ணின காணிதானே’ என்று கவனமில்லாமல் இருக்கக் கூடாது.

தீயும் அப்படித்தான். காணி துப்புரவாக்கி, குப்பையைக் குவித்துக் கொளுத்தியபோது அடியில் கிடந்தது வெடித்துக் காயப்பட்டவர்களின் செய்திகள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. புதிதாகத் திருத்தும் காணியில் குப்பையை நிலத்தில் வைத்து எரிக்காமல் இருப்பது நல்லது. எரித்துத்தான் ஆக வேண்டுமென்றால், தெரிந்த, முன்பே கொத்திப் பயிர் செய்த இடத்தில், பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துவிட்டு எரியுங்கள்.

கண்டால் என்ன செய்வது

நில்லுங்கள். தொட வேண்டாம், அதன் மேல் எதையும் எறிய வேண்டாம். வந்த அடியிலேயே திரும்பி நடவுங்கள். பக்கத்தில் மரமோ வேலியோ இருந்தால், கிட்டப் போகாமல் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள். அடையாளத்துக்கென்று நிலத்தில் தடி ஊன்ற வேண்டாம். கைத்தொலைபேசியை அந்த இடத்தை விட்டு நன்றாக விலகிய பிறகு எடுங்கள். 119 இலக்கத்தில் பொலிஸாருக்கு, அல்லது கிராம அலுவலருக்கு, அல்லது அருகில் வேலை செய்யும் மிதிவெடி அகற்றும் அணிக்குச் சொல்லுங்கள்.

எழுத இது சுலபம். நடைமுறையில் பலர் சொல்லாமல் விடுவதன் காரணம் எனக்கும் தெரியும், வாசிக்கும் உங்களுக்கும் தெரியும். “உன்ர காணியில எப்பிடி வந்தது? ஆர் தாட்டது? இன்னும் எங்க இருக்கு?” என்ற கேள்விகள். 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த சனம் நாங்கள். முன்னாள் போராளி இருக்கும் வீடு என்றால் பயம் இரட்டிப்பு. அதனால் கண்டதை இரவோடு இரவாகப் பாழ்கிணற்றில் போடுவது, குளத்தில் எறிவது, பக்கத்துப் பற்றைக்குள் தள்ளுவது நடக்கிறது. அந்தப் பயத்தை வெறும் அறியாமை என்று சொல்லிக் கடந்து போக எனக்கு மனமில்லை. ஆனால் கிணற்றில் போட்டது அங்கேயே இருக்கிறது. வறட்சிக்கு இறைத்துத் தூர் எடுக்க இறங்குபவர் அதை மிதிப்பார்.

என் அனுபவத்தில் உதவிய வழி, தனியாளாகப் போய்ச் சொல்லாமல் இருப்பது. கிராம அலுவலரிடம், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரையோ பங்குத்தந்தையையோ கோவில் நிர்வாகத்தில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். எப்போது, என்ன வேலை செய்யும்போது, எந்த இடத்தில் கண்டீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கண்டதை மட்டும் சொல்லுங்கள், ஊகம் சொல்ல வேண்டாம். பல ஊர்களில் மிதிவெடி அகற்றும் அணியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே வேலை செய்கிறார்கள். முதலில் அவர்களில் ஒருவரின் காதில் போட்டாலும் போதும், முறைப்படி அறிவிப்பதை அவர்கள் பார்ப்பார்கள்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பவை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பித்தளைக் கோதைப் பூச்சாடியாக, எறிகணை வெற்றுடலைக் கதவு முட்டாக, வேறொன்றை மணியாக வைத்திருக்கும் வீடுகளையும் பொதுக் கட்டடங்களையும் நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவை வெற்றுத்தான். ஆனால் கோதின் அடியில் அடிபடாத எரியூசி இருக்கலாம். வெற்றுடல் என்று நினைப்பது வெற்றுடலாக இல்லாமலும் இருக்கலாம். இத்தனை வருடம் இருந்ததுதானே என்று அதை நீங்களே தூக்கிக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் பொலிஸ் நிலையத்துக்குப் போகாதீர்கள். அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாமல் கதவைச் சாத்திவிட்டு, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லி அவர்களை வீட்டுக்கு வரச் செய்யுங்கள். பழைய இரும்புக்காரர் வந்தால் அதை மட்டும் கொடுக்க வேண்டாம். அவருடைய லொறியில் ஏறியதும் மற்ற இரும்புகளோடு சேர்ந்து உருளப் போவது அது, பிறகு தரிப்பிடத்தில் யாரோ ஒரு பொடியன் சுத்தியலோடு அதன் முன்னால் குந்தப் போகிறான்.